மூணு வெள்ளி ஒரே எடை

"பாத்துச் சொல்லாத, தூக்கிட்டுச் சொல்லு."

அவரு வாயில இருந்து நான் கேட்ட மொத வார்த்தை இதுதான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. அவரு அறைக்குள்ள ரெண்டு இரும்புக் கம்பி மேல நீளமா, கருப்பா ஒரு பனங்கட்டை கெடந்துச்சு. "நல்லாக் காஞ்சுட்டே அண்ணாச்சி, இதக் குடுங்களேன்"ன்னு கேட்டேன், அவ்வளவுதான். வான்னு சொல்லல, உக்காருன்னு சொல்லல, மூஞ்சியக்கூட நிமுந்து பாக்கல. இதச் சொல்லிட்டு லாரிக்குச் சீட்டு எழுதப் போயிட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

துறைமுகம் போற ரோட்டுல உப்பு லாரியும் கரி லாரியும் ஏறி எறங்குத எடைமேடை அது. அவருதான் அங்கன ஆளு. பகல் பூரா நாப்பது டன்னு, அம்பது டன்னுன்னு எடை பாப்பாரு. மேடைக்குப் பின்னால தகரம் போட்ட ஒத்த அறை. அதுலதான் குடியிருப்பு, அதுலதான் இன்னொரு வேலையும். வில்லுப்பாட்டுக்கு வில்லு செய்யுத பனைமரத்தப் பக்குவம் பண்ணிக் குடுப்பாரு. வில்லு அவரு செய்யமாட்டாரு. செதுக்கி வளைக்குதது ஆழ்வார்திருநகரி ஆசாரி வேலை. பச்சை மரத்த வில்லுக்கு ஆகுத மரமா ஆக்கித் தாரது மட்டும்தான் இவரு வேலை.

நான் வில்லுப்பாட்டுக்காரி. பதினோரு வருசம் ஒரு அக்கா கூட்டத்துல பின்பாட்டுப் பாடினேன். ஒரு கோயில் கொடையில அந்த அக்காவுக்குத் தொண்டை கட்டுனப்ப நானா ரெண்டு அடி எடுத்துப் பாடிட்டேன். சனங்க கை தட்டிட்டாங்க. மறுநாளே, "பின்பாட்டுக்காரி பின்னாலதான் உக்காரணும், வில்லு இல்லாதவளுக்கு எதுக்குளா இந்தத் துடிப்பு?"ன்னா. துணிப்பையத் தூக்கிட்டு வந்துட்டேன். நல்ல நேரம், கொற்கைப் பக்கத்துல ஒரு ஊர்ல பங்குனிக் கொடைக்கு என்னைய நம்பிச் சொல்லி வச்சாங்க.

எங்க ஆளுகளுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. முன்னால உக்காந்து, வில்லு நாண்ல வீசுகோல் அடிச்சுப் பாடுத மொதக் கொடைய இரவல் வில்லுல பாடக்கூடாது. அப்படித் தொடங்கினவளுக்குக் கடைசி வரைக்கும் இரவல்காரின்னுதான் பேரு. ஆசாரிகிட்டப் போனா, "எடைமேடைக்காரர் மரம்னா கொண்டா. வேற மரத்துல உளி வைக்கமாட்டேன்"னு சொல்லிட்டாரு. ஆக, அந்தக் கருப்புக் கட்டை கெடச்சாத்தான் நான் பாட்டுக்காரி. இல்லன்னா பழையபடி அந்த அக்கா முதுகப் பாத்துக்கிட்டு ஆமாம் போடணும்.

செம்மண் தேரிக்காட்டுல வயசான பனை விழுந்தா லாரிக்காரங்க அவருக்குப் போன் போடுவாங்க. போயிப் பாத்து, நடுவுல இருக்குத பஞ்சையெல்லாம் ஒதுக்கிட்டு, ஓரத்துல கருப்பா ஓடுத வைரத்துல பத்தடி நீளத்துக்கு ஒரே ஒரு கட்டை எடுப்பாரு. ரெண்டு முனையிலயும் மெழுகுவர்த்திய உருக்கிப் பூசுவாரு. முனை வழியா வெசையாக் காஞ்சா வெடிச்சிரும். பெறகு உப்பளக் கால்வாயில கல்லு வச்சு ஒரு மண்டலம் முக்கிப் போடுவாரு, வண்டு தொடாம இருக்க. எடுத்து நல்லதண்ணில மூணு தடவ கழுவுவாரு. உப்போட விட்டா மரம் காத்துல உள்ள ஈரத்தக் குடிச்சுக்கிட்டே கெடக்குமாம். அப்புறம் வெயில் படாம கம்பி மேல போட்டு வாரம் ஒருக்கப் புரட்டணும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் எடை போடணும்.

அதுக்கு ஒரு தராசு. மீன் ஏலம் போடுத எடத்துல தொங்குமே, எண்ணு காட்டுத கொக்கித் தராசு, அதுதான். மரத்தத் தொங்கவிடுததுக்கு முன்ன அஞ்சு கிலோ எடைக்கல்லத் தொங்கவிட்டுப் பாப்பாரு. தராசு நெசம் சொல்லுதான்னு மொதல்ல தெரியணும்லா. ஒரு வெள்ளிகூட அதத் தப்பவிட்டதில்ல. பெறகு மரத்தோட எடையச் சுவத்துல கரிக்கட்டையால எழுதுவாரு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. ஈரம் போகப் போக எண்ணு எறங்கும். மூணு வெள்ளி ஒரே எடை நின்னா மரம் ஆயிட்டு. ரெண்டு வெள்ளி நின்னு மூணாவது வெள்ளி பத்து கிராம் எறங்கினாலும் திரும்ப மொதல்ல இருந்து.

"நீ வரவேண்டாம்ளா, நின்னுட்டா நானே போன் போடுதேன்"னாரு. நான் விடுவேனா? வேற எவளாவது வந்து தூக்கிட்டுப் போயிட்டா? ஆவணியில இருந்து வெள்ளிக்கு வெள்ளி முத்தையாபுரத்துல இருந்து மினி பஸ் ஏறி வந்துருவேன். அறையில ஒரு முக்காலி, ஒரு டம்ளர்தான் உண்டு. கருப்பட்டிக் காப்பி போட்டு எனக்குக் குடுத்துட்டு, நான் குடிச்சு முடிச்சதும் கழுவி அவரு குடிப்பாரு. மூணாவது வாரம் போனா ரெண்டு டம்ளர் இருக்கு. புதுசுல வெலச்சீட்டு ஒட்டியிருந்துச்சு.

மனுசன் எதையும் தூக்கிப் பாக்காம நம்பமாட்டாரு. ஒரு நாள் என் மணியெல்லாத்தையும் கேட்டாரு, வில்லுல வரிசையாக் கட்டுத வெங்கல மணி. வலப்பக்கத்து ஏழையும் இடப்பக்கத்து ஏழையும் தனித்தனியாத் தொங்கவிட்டாரு. "வலது நாப்பது கிராம் கூட. வில்லு அந்தப் பக்கமே சாயும்லா உனக்கு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பழகுததுக்கு எந்த வில்ல இரவல் வாங்கிக் கட்டுனாலும் அப்படித்தான் சாயும். அதுவரை என் புதுக் கூட்டத்துல எல்லாரும் குடம் அடிக்குதவனத்தான் திட்டிட்டிருந்தோம்.

இன்னொரு நாள் உப்பு லாரிக்காரன் ஒருத்தன் வந்து, "அண்ணாச்சி, சீட்டுல இருபது கிலோ மட்டும் கொறச்சுப் போடுங்க"ன்னு நின்னான்.

"இருபது கிலோன்னா ஒண்ணாங்கிளாஸ் படிக்குத புள்ளலே. அத எங்கன ஒளிச்சு வைக்கச் சொல்லுத?"

அவன் முனங்கிக்கிட்டே போனான். நான் சிரிச்சுக்கிட்டே, "உங்களுக்குப் புள்ளைக உண்டா அண்ணாச்சி?"ன்னு கேட்டுட்டேன்.

"இல்ல."

"வீட்டுல அக்கா?"

"இருந்தா. நான் எடைச்சீட்டு மாதிரி பேசுதேன்னு சொல்லுவா. பேச்சுத்தொணை இல்லாம எத்தன நாள் இருப்பா? போயிட்டா." சொல்லிட்டு எடைக்கல்லத் துணியால தொடச்சுக்கிட்டிருந்தாரு. தப்பாக் கேட்டுட்டமேன்னு இருந்துச்சு எனக்கு.

கப்பல் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை. ரோடே காலியாக் கெடந்துச்சு. அவரு மெல்ல மேடையில ஏறி நடுவுல நின்னாரு. வெளிய பெருசா செவப்பு எண்ணு காட்டும்லா, அதுல அறுபதுன்னு வந்துச்சு, எழுபதுன்னு மாறுச்சு, திரும்ப அறுபது. "பத்துப் பத்தாத்தான் காட்டும். ஒத்த ஆள அதுக்குச் சொல்லத் தெரியாது"ன்னாரு. செத்த நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, "நீயும் ஏறுளா"ன்னாரு.

"என்ன அண்ணாச்சி, என் எடையக் கண்டுபிடிக்கப் பாக்கியளா?"ன்னு கேட்டுக்கிட்டே ஏறினேன். நூத்தி முப்பது. அசையாம நின்னுச்சு. "பாத்தியா, நின்னுட்டு"ன்னு சிரிச்சாரு. அவரு சிரிச்சு நான் பாத்தது அந்த ஒரு தடவதான்.

ஐப்பசி மழை பிடிச்சதும் மரத்தோட எடை ஏறுச்சு. ஆமாங்க, ஏறுச்சு! அஞ்சு கிலோ நூறு கிராம் இருந்தது அஞ்சு இருநூறு ஆயிட்டு. "சவத்து மரம், என்னையக் கொல்லணும்னே பொறந்திருக்கு"ன்னு கத்தினேன். "வாடைக்காத்து அடிக்கில்லா, ஏறத்தான் செய்யும். நீ கோவப்பட்டா எறங்குமா?"ன்னு அவரு காப்பிய ஆத்திக்கிட்டிருந்தாரு. தை பொறந்தப்புறம்தான் எறங்க ஆரம்பிச்சுச்சு. அதுவும் வாரத்துக்கு நூறு கிராம், அம்பது கிராம்னு. கொடைக்கோ நாள் நெருங்குது. ஆசாரிக்கே பத்து நாள் வேணும். பைப்ப வளச்சு வில்லு கட்டிக்கன்னு குடக்காரன் சொல்லுதான். எனக்குத் தூக்கம் போச்சு.

மாசியில, சுவத்துல நாலு எண்ணூறுன்னு எழுதின அன்னைக்கு அவரு சாவிய எடுத்து என் கையில வச்சாரு. "ரெண்டு கண்ணுலயும் புரை. திருநெல்வேலில ஆப்பரேசன். மூணு வெள்ளி இருக்கமாட்டேன். புரட்டிப் போடு, எடை போட்டு எழுது."

"அங்கன தொணைக்கு ஆளு?"

"நர்சம்மா இருப்பாங்கள்லா."

மொத வெள்ளி எடைக்கல்லத் தொங்கவிட்டேன், மரத்தத் தொங்கவிட்டேன், நாலு எழுநூத்தம்பது. எழுதினேன். அது நெசம். ரெண்டாவது வெள்ளி நாலு எழுநூறு. கரிக்கட்டையக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அம்பது கிராம்! ஒரு சின்ன வெங்காயம்கூட வராது. அதுக்காக என் பொழப்பு நிக்கணுமா? நாலு எழுநூத்தம்பதுன்னு எழுதினேன். மூணாவது வெள்ளி நாலு அறுநூத்தம்பது. அதையும் நாலு எழுநூத்தம்பதுன்னு எழுதினேன்.

அவரு அடுத்த வியாழக்கிழமை ஊருக்கு வந்துட்டாரு. நான் வெள்ளிக்கிழமை எப்பவும் போற நேரத்துக்குப் போனேன். கருப்புக் கண்ணாடி போட்டு முக்காலியில உக்காந்திருந்தாரு. ரெண்டு டம்ளர்ல காப்பி இருந்துச்சு.

"நின்னுட்டா?"ன்னாரு.

"நின்னுட்டு அண்ணாச்சி. மூணு வெள்ளி."

வெளிய ஒரு லாரி ஆரன் அடிச்சுது. அவரு எந்திரிக்கல. கட்டை மேல ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் கைய ஓட்டினாரு. "சரி, எடுத்துக்க"ன்னாரு. தராசுப் பக்கம் போகவே இல்ல. உப்புப் பொட்டலத்தக்கூடத் தூக்கிப் பாக்குத மனுசன், அன்னைக்குத் தூக்கிப் பாக்கல. கண்ணு ஆப்பரேசன் பண்ணிருக்குலா, அதான்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கிட்டா எனக்குச் சௌகரியம்.

அவரு வேட்டிய ஒண்ணக் கிழிச்சு மரத்தச் சுத்தி, லோடு ஆட்டோவுல ஏத்திவிட்டாரு. "வில்லு கட்டினதும் ஒரு தடவ கொண்டாந்து காட்டு. எடை போடணும்."

"வெள்ளிக்கிழமை வாரேன்"னேன். போகல. ஆசாரி வீடு, பாட்டுப் பழக்கம்னு ஓடிட்டு. அதெல்லாம் சாக்கு. அவரு முன்னால அந்த மரத்தத் தராசுல தொங்கவிட எனக்குப் பயம்.

கொடையில மதியப் பூசைக்கு நான் பாடணும். பங்குனி வெயில், பந்தல் நெறைய சனம். வீசுகோல எடுத்து மொத அடி அடிச்சதும் மணியெல்லாம் கலகலன்னு சிலுத்துச்சு, எனக்குக் கண்ணு நெறஞ்சுட்டு. அம்மன் பொறப்புக்கு வந்தப்ப வில்லு லேசா முறுக்கிச்சு. நாண் ஒரு பக்கமா ஒதுங்குது. குடக்காரன் கண்ணக் காட்டுதான். நான் நிறுத்தல. நிறுத்தினா மானம் போயிரும்லா. இன்னும் வேகமா அடிச்சேன். படார்னு ஒரு சத்தம். வில்லு நடுவுல ரெண்டாப் பொளந்து மணியெல்லாம் தரையில உருண்டுச்சு.

கொடையில வில்லு ஒடஞ்சா நல்லதில்லம்பாங்க. கோயில் பெரியவர் ஒருத்தர் குனிஞ்சு பொளந்த எடத்தத் தொட்டுப் பாத்தாரு. "உள்ள ஈரம் இருக்கு. யாரு குடுத்த மரம்ளா இது?"

"எடைமேடை அண்ணாச்சி குடுத்தது. பச்சை மரத்த என் தலையில கட்டிட்டாரு"ன்னேன்.

மைக் ஆன்ல இருந்துச்சு. ஊரு பூராவும் கேட்டுச்சு. படம் பிடிச்சுக்கிட்டிருந்தவன் அதையும் சேத்து அனுப்பிட்டான். ஒரு வாரத்துல எங்க ஆளுக எல்லார் போன்லயும் என் குரல் ஓடுது. நான் உடுக்கைய மட்டும் வச்சு மிச்சப் பாட்டப் பாடி முடிச்சேன். பாவம் பொம்பளைன்னு எல்லாரும் என் பக்கம். ஆசாரி அவருகிட்ட மரம் எடுக்குதத நிறுத்திட்டாரு, மத்தக் கூட்டத்துக்காரங்களும் போகல. அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவரு போன்ல இருந்து ரெண்டு தடவ அழைப்பு வந்துச்சு. நான் எடுக்கல. அதுக்குப் பெறகு வரல. யாரு போயிக் கேட்டாலும் அவரு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலையாம்.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு வில்லு வாங்கி நல்லாத்தான் வந்தேன். இன்னைக்கு ஆடி மாசம் முழுக்கக் கொடை இருக்கு, யூடியூப்ல என் பாட்டு இருக்கு. ஆனா துறைமுகம் ரோட்டு பஸ்ல ஏறமாட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் சுத்தித்தான் போவேன். ஆறு வருசம் அப்படி ஓடிட்டு.

போன கார்த்திகையில பஸ் ஸ்டாண்டுல ஒரு லாரிக்காரர் அடையாளம் கண்டு பேசினாரு. "எடைமேடை அண்ணாச்சி ஆவணியில போயிட்டாருலா, தெரியாதா? சீட்டு எழுதிக்கிட்டிருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு." எனக்கு யாரும் சொல்லல. எனக்கு எதுக்குச் சொல்லணும்?

அந்த வெள்ளிக்கிழமை போனேன். இப்ப அங்கன ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கா. அவரு இருந்தப்பவே ரெண்டு வருசம் கூட வேலை பாத்தவளாம். வில்லுப்பாட்டுக்காரின்னு சொன்னதும் என்னைய ஏற எறங்கப் பாத்தா. சாவிய எடுத்துக்கிட்டு வந்து கதவத் தொறந்துவிட்டா.

சுவத்துல என் மரத்தோட எடை அப்படியே இருந்துச்சு. அவரு எழுதின எண்ணு, அதுக்குக் கீழ நான் எழுதின மூணு. ஒண்ணையும் அழிக்கல, அடிக்கல. கடைசி எண்ணுக்குப் பக்கத்துல பொடியா அவரு கையெழுத்து: 4.610, வியாழன்.

நான் வந்து எடுத்துட்டுப் போனதுக்கு மொத நாளே எடை போட்டுருக்காரு. எல்லாம் தெரிஞ்சுதான் "நின்னுட்டா?"ன்னு கேட்டிருக்காரு. அந்த முக்காலியில உக்காந்துட்டேன்.

அதுக்கு அடுத்தாப்புல, வேற ஒரு கட்டைக்கு ஒரு புது வரிசை. நான் மரத்தக் கொண்டுபோன அதே வெள்ளிக்கிழமைதான் தொடக்கம். அஞ்சு எழுநூத்தி இருபது. வாராவாரம் எறங்குது, மழைக்கு ஏறுது, பெறகும் எறங்குது. ஒரு வருசத்துக்கு மேல ஆயி நாலு நானூத்தி இருபதுல நிக்கி. மூணு வெள்ளி நின்னுருக்கு. ஆனா அதோட எழுத்து நிக்கல. 4.420, 4.420, 4.420னு தரை வரைக்கும் எறங்கி, மேல இருந்து அடுத்த வரிசை, அதுக்கடுத்தது, சன்னலுக்குக் கீழ, கதவுக்குப் பின்னால. நடுநடுவுல மழை மாசத்துல மட்டும் பத்து, இருபது கூடிருக்கு. கூடினத கூடினபடியே எழுதிருக்காரு. கம்பி மேல ஒரு கட்டை, பழைய வேட்டில சுத்திக் கெடக்கு.

"காஞ்சு முடிஞ்ச மரத்த எதுக்கு அண்ணாச்சி இன்னும் எடை போடுதீங்கன்னு கேப்பேன்க்கா"ன்னா அந்தப் பொண்ணு. "இது ஒரு ஆளுக்குச் சொல்லி வச்சது, வெள்ளிக்கிழமை வரும்பாரு. ரெண்டு டம்ளர்லயும் காப்பி போட்டு வைப்பாரு. நல்லா ஆறினதுக்குப் பெறகு ஒண்ண எங்கிட்டத் தருவாரு."

அந்தப் பச்சை மரம் ஒடையும்னு தெரிஞ்சே எதுக்குக் குடுத்தாரு? என்னையப் பொய்க்காரின்னு முகத்துக்கு நேராச் சொல்ல மனசு வரலையா? இல்ல, ஒடஞ்சா அடுத்த மரத்துக்கு இங்கனதான வரணும்னு நெனச்சாரா? நான் வந்திருந்தா கேட்டிருக்கலாம். ஆறு வருசமும் வெள்ளிக்கிழமை வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு.

"அவரு மேல தப்பில்லம்மா. எடையப் பொய்யா எழுதினதும் நான்தான், ஊர்ல அவரு பேரச் சொன்னதும் நான்தான்"னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். வாயத் தொறந்து ஒருத்தர்கிட்ட இதச் சொன்னது அன்னைக்குத்தான். வெளிய லாரி ஆரன் அடிச்சுது, அவ சீட்டு போடப் போயிட்டா.

நான் எடைக்கல்ல எடுத்துத் தராசுல தொங்கவிட்டேன். சரியா அஞ்சு. பெறகு மரத்துல சுத்தியிருந்த வேட்டியப் பிரிச்சேன். கருகருன்னு கோடு ஓடி, ஒரு வெடிப்பு இல்லாம இருந்துச்சு. கொக்கியில மாட்டினேன். நாலு நானூத்தி நாப்பது. மூணு மாசம் புரட்ட ஆளில்லாம, வாடையில கெடந்து இருபது கிராம் குடிச்சிருக்கு.

கரிக்கட்டைய எடுத்தேன். மேல அவரு கடைசியா எழுதின 4.420 இருக்கு. அதுக்குக் கீழ 4.440ன்னு எழுதினேன்.

அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நின்னா. "எடுத்துட்டுப் போறீங்களாக்கா? உங்களுக்குத்தான வச்சிருந்தாரு. மாசக் கடைசியில ஓனர் அறையக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"மாசக் கடைசிக்கு எத்தன வெள்ளி இருக்கு?"

அவ சுவத்துக் காலண்டரப் பாத்தா. "மூணு."

"இன்னும் நிக்கலம்மா. அடுத்த வெள்ளி வாரேன்"னு சொல்லிட்டு, மரத்தக் கம்பி மேல ஏத்திப் புரட்டிப் போட்டேன்.